யூல் பதிப்பு மார்க்கோ போலோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூல் பதிப்பு என்றால் என்ன?

வெனிஸ் நகர வணிகர் மார்க்கோ போலோவின் ஆசியப் பயண நூலை ஹென்றி யூல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, குறிப்புகளும் வரைபடங்களும் படங்களும் சேர்த்து 1871இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பெயர் ‘தி புக் ஆஃப் செர் மார்க்கோ போலோ’. வெளியிட்டது லண்டனின் ஜான் மரே நிறுவனம். 1875இல் யூலே திருத்திப் பெருக்கிய இரண்டாம் பதிப்பு வந்தது. அவர் இறந்த பிறகு, பிரெஞ்சு சீனவியல் அறிஞர் ஹென்றி கோர்தியே புதிய செய்திகளைச் சேர்த்து 1903இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டார். 1920இல் தனியாக ஒரு கூடுதல் குறிப்புத் தொகுதியும் போட்டார். பழைய புத்தகக்காரர்கள் ‘யூல்–கோர்தியே’ என்று சொல்வது 1903 பதிப்பையும் இந்த 1920 தொகுதியையும் சேர்த்துத்தான்.

பக்கத்தைத் திறந்ததும் ஒரு விஷயம் கண்ணில் படும். போலோ சொன்னது மேலே சில வரிகள்தான் இருக்கும். கீழே சிறிய எழுத்தில் யூலின் குறிப்பு பக்கம் பக்கமாக ஓடும். பல அத்தியாயங்களில் மூலத்தை விடக் குறிப்பு நீளம். இந்தப் பதிப்பை 150 ஆண்டுகளாக ஆட்கள் தேடிப் படிப்பதற்குக் காரணமே அந்தச் சிறிய எழுத்துதான்.

மார்க்கோ போலோ கைப்பட எழுதிய மூலம் இருக்கிறதா?

இல்லை. அவர் கைப்பட எழுதவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1271இல் தந்தையுடனும் சிற்றப்பாவுடனும் புறப்பட்டவர் 1295இல் வெனிஸ் திரும்பினார். பிறகு நடந்த ஒரு கடற்போரில் ஜெனோவாக்காரர்களிடம் சிக்கிச் சிறையில் இருந்தபோது, 1298இல், உடன் இருந்த பீசா நகரத்து ருஸ்திகெல்லோ என்ற கதையாசிரியரிடம் தன் அனுபவத்தைச் சொன்னார். ருஸ்திகெல்லோ அதை இத்தாலிய வாடை அடிக்கும் பிரெஞ்சில் எழுதினார். அந்த முதல் பிரதியும் தொலைந்துவிட்டது.

கையில் இருப்பவை பிற்காலப் படிகள், அவற்றின் மொழிபெயர்ப்புகள், மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்புகள். சுமார் 150 கையெழுத்துப் படிகள் உண்டு. ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப்போகாது. மூலத்துக்கு மிக நெருக்கமாகக் கருதப்படும் பிரெஞ்சுப் படி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. அதை 1824இல் பாரிஸ் புவியியல் கழகம் அச்சிட்டது. அச்சில் முதன்முதலாக வந்தது ஜெர்மன் மொழியில், 1477இல், நியூரம்பர்க்கில். அப்புறம் ஹாலந்தின் கவுடா நகரில் லத்தீன் பதிப்பு வந்தது. அதன் ஒரு பிரதியில்தான் கொலம்பஸ் ஓரங்களில் குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பிரதி இன்றும் ஸ்பெயினின் செவில் நகரில் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே, ‘மார்க்கோ போலோ இப்படிச் சொன்னார்’ என்று யாராவது சொன்னால், எந்தப் படியில் என்று கேட்பது நியாயமான கேள்வி.

யூல் யார்? சீனாவுக்குப் போனவரா?

போகவில்லை. 1820இல் ஸ்காட்லாந்தில் எடின்பரோ பக்கத்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் பொறியாளர் படையில் வேலை பார்த்தார். 1855இல் பர்மாவின் ஆவா அரசவைக்குச் சென்ற தூதுக்குழுவின் செயலராக இருந்து, அந்தப் பயணத்தைப் பற்றி அருமையான ஒரு நூலும் எழுதினார். 1862இல் ஓய்வு பெற்ற பிறகு மனைவியின் உடல்நலத்துக்காகச் சிசிலித் தீவின் பலெர்மோவில் குடியேறினார். மார்க்கோ போலோ வேலை பெரும்பாலும் அங்கே இருந்தபடி நடந்தது.

லண்டனை விட்டு அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு எப்படிச் செய்தார்? கடிதம் எழுதித்தான். ஆசியாவில் எந்த மூலையில் யார் என்ன வேலையில் இருக்கிறார் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தகவல் வாங்கினார். பாதிரிகள், தூதரக அதிகாரிகள், நில அளவையாளர்கள் எல்லாரும் அவருக்குப் பதில் எழுதினார்கள். அந்தப் பதில்களை அவர் பெயர் போட்டு நன்றியோடு குறிப்பில் சேர்த்தார். நம் பக்கத்திலிருந்து இடையன்குடி ராபர்ட் கால்டுவெல் அப்படி உதவியவர்களில் ஒருவர். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெலும் யூலுக்கு நெருக்கமானவர். பின்னாளில் இருவரும் சேர்ந்துதான் ‘ஹாப்சன்–ஜாப்சன்’ அகராதியைத் தொகுத்தார்கள். அது 1886இல் வந்தபோது பர்னெல் உயிரோடு இல்லை.

பொறியாளர் என்பதால் சில குறிப்புகளில் அந்தக் கண்ணும் வேலை செய்கிறது. சீனாவின் சியாங்யாங் கோட்டையை மங்கோலியர் கல்லெறி பொறிகள் வைத்துப் பிடித்த கதையில், அந்தப் பொறிகளைச் செய்ய யோசனை சொன்னதே போலோ குடும்பம்தான் என்று நூல் பெருமை பேசுகிறது. யூல் அந்தப் பொறிகள் எப்படி இயங்கின என்று விரிவாக எழுதிவிட்டு, தேதிகளையும் சரிபார்க்கிறார். கோட்டை விழுந்தது 1273இல். போலோ குடும்பம் சீனா போய்ச் சேர்ந்ததே அதற்குப் பிறகு. தனக்குப் பிடித்த நாயகன் என்பதற்காக அவர் கணக்கை மறைக்கவில்லை. எனக்கு யூல் மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

படிக்க எந்தப் பதிப்பு நல்லது?

படிக்க என்றால் 1903 பதிப்பு. சந்தேகமே வேண்டாம். கூடவே 1920 தொகுதி. 1871 முதல் பதிப்பு சேகரிப்பவர்களுக்கு உரியது. அழகான புத்தகம், ஆனால் பின்னால் சேர்ந்த எத்தனையோ செய்திகள் அதில் இருக்காது. 1875 பதிப்புக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு: யூலின் கடைசிச் சொல் அதுதான். வேறொருவர் கை படாத யூல் வேண்டும் என்பவர்கள் அதைத் தேடலாம்.

1903இல் இன்னொரு லாபம், யூலின் மகள் ஏமி எழுதிய வாழ்க்கைக் குறிப்பு முன்னால் இருக்கிறது. அப்பாவைப் பற்றி மகள் எழுதியது என்றாலும் வெறும் புகழுரை இல்லை. பலெர்மோ நாட்களைப் பற்றி அறிய அதைப் படிக்க வேண்டும்.

பக்கமெங்கும் சதுர அடைப்புக்குறிகள் வருகின்றனவே, ஏன்?

இந்தப் பதிப்பில் புதிதாக நுழைபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். இரண்டு வகை அடைப்புக்குறிகள் உண்டு. குழப்பிக்கொண்டால் ஆராய்ச்சிக் கட்டுரையே தவறாகிவிடும்.

மேலே மூலப் பகுதியில் வரும் சதுர அடைப்புக்குறி, ராமுசியோவிடமிருந்து எடுத்தது. ராமுசியோ வெனிஸ் நகர அறிஞர். அவர் தொகுத்த பயண நூல் திரட்டின் மார்க்கோ போலோ பகுதி, அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து 1559இல் வெளிவந்தது. வேறு எந்தப் படியிலும் இல்லாத பல செய்திகள் அதில் இருந்தன. அவை போலோ சொன்னதா, ராமுசியோ சேர்த்ததா என்று யூல் காலத்தில் முடிவு செய்ய வழி இல்லை. எனவே அவர் போத்தியே என்பவர் 1865இல் பதிப்பித்த பிரெஞ்சு மூலத்தை அடிப்படையாக வைத்து, 1824இல் அச்சான மூலத்தை ஒப்பிட்டுத் திருத்தி, ராமுசியோவின் கூடுதல் வரிகளை அடைப்புக்குள் போட்டார். ஹாங்சோ நகரத்துச் சந்தைகளில் வாரம் மூன்று நாள் நாற்பது, ஐம்பதாயிரம் பேர் கூடுவார்கள் என்று எல்லாரும் மேற்கோள் காட்டும் பகுதி இந்த ராமுசியோ வழி வந்தது.

கீழே குறிப்புப் பகுதியில் வரும் அடைப்புக்குறி வேறு. அதன் முடிவில் எச். சி. என்ற இரண்டு எழுத்து இருந்தால் அது கோர்தியே எழுதியது. யூலின் கருத்து என்று அதை மேற்கோள் காட்டக் கூடாது.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 20ஆம் நூற்றாண்டில், முதலில் இத்தாலிய அறிஞர் பெனடெட்டோ ஒரு நகலையும், பிறகு 1932இல் ஸ்பெயினின் டொலேடோ நூலகத்தில் அதன் மூலப்படியையும் கண்டெடுத்தார்கள். செலாதா படி என்று அதற்குப் பெயர். ராமுசியோவில் மட்டும் இருந்த செய்திகளில் பெரும்பகுதி அந்த லத்தீன் படியில் இருந்தது. அதாவது ராமுசியோ கதை கட்டவில்லை. பழைய படி ஒன்றைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். யூல் அடைப்புக்குறி போட்டு, எதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தது எவ்வளவு நல்ல முடிவு என்று அப்போது தெரிந்தது.

தமிழ்நாடு பற்றி எங்கே வருகிறது?

இரண்டாம் தொகுதி, மூன்றாம் புத்தகம். 14, 15ஆம் அத்தியாயங்கள் இலங்கை. 16, 17 மாபார். அராபியரும் பாரசீகரும் நம் சோழ, பாண்டியக் கரையை அப்படித்தான் அழைத்தார்கள். 18 புனித தோமா கல்லறை. 19 ஆந்திரத்து மோட்டுப்பள்ளி. 21 காயல். அதைத் தாண்டினால் கொல்லமும் குமரியும்.

மாபார் அத்தியாயங்களை நிதானமாகப் படிக்க வேண்டும். முத்துக்குளிப்பைப் பாருங்கள். ஏப்ரல் தொடங்கி மே நடுப்பகுதி வரை வணிகர்கள் கூட்டாகச் சேர்ந்து படகு அமர்த்துகிறார்கள். கிடைப்பதில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டிப்போடும் ஆளுக்கு இருபதில் ஒரு பங்கு. அந்த மந்திரம் பகலுக்கு மட்டும்தான். மாலையானதும் அவிழ்த்துவிடுவார்கள். ஏனென்றால் இரவில் யாரும் திருட்டுத்தனமாக மூழ்கி முத்து எடுக்கக் கூடாது! மந்திரத்தை நம்புகிறோமோ இல்லையோ, அந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனத்தைப் பாருங்கள். போலோ அந்த ஆட்களைப் பிராமணர் என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய எமர்சன் டென்னன்ட் காலத்தில் அதே வேலையைச் செய்தவர் கத்தோலிக்கக் கிறிஸ்தவர். மதம் மாறியிருக்கிறது, வேலை மாறவில்லை.

குதிரை வியாபாரம் இன்னொன்று. அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், அவன் சகோதரர்களும் அவ்வளவு வாங்குகிறார்கள், வருட முடிவில் நூறு கூட உயிரோடு இருப்பதில்லை என்கிறார் போலோ. சோறும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்துப் போடுகிறார்கள், லாடம் அடிக்க ஆள் இல்லை, குதிரை வைத்தியம் தெரிந்தவர்களை வியாபாரிகள் வேண்டுமென்றே கூட்டி வருவதில்லை என்றும் சொல்கிறார். வியாபாரிக்கு ஆண்டுதோறும் குதிரை விற்றாக வேண்டுமே! யூல் இங்கே பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரை, ஒன்றுக்கு 220 தினார் என்பது வஸ்ஸாஃப் கணக்கு. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு பேர், ஒருவர் வெனிஸ்காரர், ஒருவர் பாரசீகர், ஒரே வியாபாரத்தைப் பற்றிச் சொல்கிறார்கள். யூலின் குறிப்புகள் வேலை செய்யும் முறையே இதுதான்.

கடன் கொடுத்தவன் கடன்காரனைச் சுற்றித் தரையில் ஒரு கோடு போட்டால், பணத்தைக் கொடுக்காமல் அந்தக் கோட்டை அவன் தாண்ட முடியாது, தாண்டினால் மரண தண்டனை என்ற செய்தியும் இங்கேதான் வருகிறது. அரசனே குதிரை மேல் போகும்போது வெளிநாட்டு வணிகன் ஒருவன் அவனைச் சுற்றிக் கோடு போட்டதையும், அரசன் கடனைத் தீர்த்துவிட்டுத்தான் நகர்ந்ததையும் தான் நேரில் பார்த்ததாகப் போலோ சொல்கிறார்.

சின்ன விஷயங்களும் உண்டு. வலக்கையால்தான் சாப்பிடுவார்கள். ஆளுக்கு ஒரு குவளை. அதிலும் வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பார்கள். தரையில் உட்காருவார்கள். வெற்றிலை மெல்லுவார்கள். நம் பாட்டி வீட்டில் இன்றும் நடப்பதை 700 ஆண்டுகளுக்கு முன் ஓர் அந்நியர் ஆச்சரியத்தோடு கவனித்திருக்கிறார் என்பது படிக்கும்போது ஒரு நெருக்கத்தைத் தருகிறது.

போலோ சொல்லும் காயல் எது? காயல்பட்டினமா, பழையகாயலா?

இந்தக் கேள்வி வராத நாள் இல்லை. போலோ சொல்வது இவ்வளவு: பெரிய, சிறந்த நகரம், ஹோர்முஸ், கிஷ், ஏடன், அராபியா எங்கிருந்தும் குதிரையும் மற்றச் சரக்கும் ஏற்றி மேற்கிலிருந்து வரும் கப்பல்கள் எல்லாம் இங்கே ஒதுங்குகின்றன, ஐந்து சகோதரரில் மூத்தவனான ஆஷர் என்ற அரசனுடையது.

கால்டுவெல் தாமிரபரணிக் கழிமுகத்தில் நடந்து தேடினார். அவர் சொன்ன இடம் பழையகாயல். ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல் துறைமுகத்தை மூடிவிட, கடல் விலகி, ஒரு காலத்தில் கரையில் இருந்த ஊர் உள்நாட்டு ஊராகிவிட்டது என்று விளக்கினார். இதே காரணத்தால்தான் அதற்கு முன்னர் கொற்கையும் துறைமுகம் என்ற நிலையை இழந்தது. தரையெல்லாம் உடைந்த ஓடும் பானையும் கிடந்ததையும், அவற்றில் சீனப் பீங்கான் துண்டுகள் கலந்திருந்ததையும் அவர் யூலுக்கு எழுதினார். யூல் அந்தக் கடிதத்தை அப்படியே குறிப்பில் சேர்த்தார். காயல் பற்றிய அத்தியாயம் சின்னது. கால்டுவெல் கடிதம் இல்லாவிட்டால் அதைப் புரட்டிக்கொண்டு போய்விடுவோம். ஓர் ஊர் எப்படிச் செத்தது என்பதைக் காலடி மண்ணிலிருந்து சொல்லும் சாட்சி அது.

காயல்பட்டினத்துக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அராபிய வணிகத் தொடர்பு, பழைய பள்ளிவாசல்கள், கல்வெட்டுகள் என்று அங்கே சான்றுகள் குறைவில்லை. என் கருத்து, அந்தக் கழிமுகம் முழுவதையும் ஒரே துறைமுக வட்டாரமாகப் பார்ப்பதுதான் பொருத்தம். மணல் மேடிட மேடிட, துறை இடம் மாறிக்கொண்டே போயிருக்கிறது. பின்னால் போர்த்துக்கீசியர் வந்தபோது புன்னைக்காயல் முக்கியமானதும் இதே கதையின் தொடர்ச்சிதான். ஒரே புள்ளியைக் குறித்துக் கொடி நாட்டினால்தான் சண்டை வருகிறது.

‘சொந்தர் பண்டி தாவர்’ என்று வரும் அரசன் யார்?

சுந்தர பாண்டிய தேவர் என்று பெயர் உடனே பிடிபடும். எந்தச் சுந்தர பாண்டியன் என்பதில்தான் சிக்கல். அந்த நேரத்தில் பேரரசனாக இருந்தவன் 1268இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் குலசேகரன். பாண்டியர் பலர் ஒரே காலத்தில் பகுதி பகுதியாக ஆண்டதால், போலோ கேட்டது இன்னொரு சுந்தர பாண்டியனின் பெயராக இருக்கலாம். ‘ஐந்து சகோதரர்கள்’ என்று அவர் சொல்வதும் இந்தப் பங்காளி ஆட்சியைத்தான். யூலும் கால்டுவெல்லும் இதில் திணறியிருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் பாண்டியர் கல்வெட்டுகள் முறையாகப் படித்து வரிசைப்படுத்தப்படவில்லை. எனவே இந்த விஷயத்தில் யூலின் குறிப்பை விட்டுவிட்டு நீலகண்ட சாஸ்திரிக்குப் பிந்தைய பாண்டியர் வரலாறுகளைப் படியுங்கள்.

நாகப்பட்டினம் சீனக் கோபுரத்தின் படம் இதில் இருக்கிறது என்கிறார்களே?

இருக்கிறது. மாபார் அத்தியாயத்தின் குறிப்பில். சர் வால்டர் எலியட் 1846இல் வரைந்து வைத்த படம் அது. கடலிலிருந்து வருபவர்களுக்கு அடையாளமாக நின்ற, மூன்று நிலை கொண்ட பழைய செங்கல் கோபுரம். சீனக் கோபுரம் என்று வழக்கம். பாழடைந்து, செடி முளைத்து நின்றது. 1867இல் இயேசு சபைப் பாதிரிகள் அரசு அனுமதி வாங்கி இடித்துவிட்டார்கள். அந்த இடத்தோடு சோழர் காலச் சூடாமணி விகாரத்தையும் தொடர்புபடுத்திப் பேசுவதுண்டு. சீனப் பயணி வாங் தாயுவான் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலிலோ, இந்தக் கரையில் 1267ஆம் ஆண்டுக்கு நிகரான தேதி பொறித்த சீன எழுத்துள்ள செங்கல் கோபுரம் ஒன்றைப் பற்றி வருகிறது.

யூல் நூல் அச்சாகும்போது கோபுரம் போய் நான்கு ஆண்டு ஆகியிருந்தது. இப்போது அந்த உருவத்தைப் பார்க்க நமக்கு இருப்பவை இப்படிப்பட்ட சில படங்கள்தான். மலிவான மறுஅச்சுகளில் இந்தப் படம் கறுப்புத் திட்டாக இருக்கும். நல்ல பிரதியில் செங்கல் அடுக்கு வரை தெரியும்.

பரங்கிமலைச் சிலுவையின் படமும் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. சுற்றிலும் பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து ஓடும் கற்சிலுவை. இந்த வகைச் சிலுவைகளின் எழுத்தை ஆராய்ந்தவர்களில் நம் பர்னெல் முக்கியமானவர்.

இலங்கை அத்தியாயத்தில் என்ன விசேஷம்?

புத்தர் கதை. போலோ ‘சகமோனி புர்கான்’ என்று மங்கோலியர் வாயில் கேட்ட பெயரைச் சொல்லி, அரண்மனையை விட்டு வெளியே வந்த இளவரசன் முதியவரையும் பிணத்தையும் கண்டு துறவியான கதையை அழகாகச் சொல்கிறார். புத்தர் மட்டும் கிறிஸ்தவராக இருந்திருந்தால் இயேசுவின் பெரிய புனிதர்களில் ஒருவராகியிருப்பார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். 13ஆம் நூற்றாண்டு வெனிஸ்காரரிடமிருந்து இது பெரிய வார்த்தை.

யூல் குறிப்பில் இன்னொரு கதவு திறக்கிறது. போலோவுக்கு முன்பே ஐரோப்பாவில் ஜோசபாத் என்ற கிறிஸ்தவப் புனிதரின் கதை பரவியிருந்தது. இந்திய இளவரசன், அரண்மனை, துறவு என எல்லாம் அதே கதை. புத்தர் கதைதான் பாரசீகம், அரபு, ஜார்ஜியம், கிரேக்கம் என்று மொழி மாறி மாறி மேற்கே போய்ப் புனிதர் கதையாகியிருந்தது. அதாவது ஐரோப்பியர்கள் புத்தரை ஏற்கெனவே புனிதராக்கிவிட்டார்கள், அவர்களுக்கே தெரியாமல். இந்த ஒரு குறிப்புக்காகவே இரண்டாம் தொகுதியை வாங்கலாம்.

மார்க்கோ போலோ சீனாவுக்கே போகவில்லை என்கிறார்களே?

1995இல் பிரான்செஸ் வுட் அப்படி ஒரு நூல் எழுதி, கேள்வி பிரபலமானது. போலோ நூலில் பெருஞ்சுவர் இல்லை, தேநீர் இல்லை, பெண்களின் கால் கட்டும் வழக்கம் இல்லை, அச்சுக்கலை இல்லை என்பதுதான் முக்கிய வாதம். இந்தப் பட்டியலை யூலே தன் முன்னுரையில் நேர்மையாகக் கொடுத்திருக்கிறார். அவர் அதற்காகப் பயணத்தைச் சந்தேகிக்கவில்லை. போலோ சீனர்களோடு அல்ல, மங்கோலிய ஆட்சியாளர்களோடும் மேற்கத்திய, பாரசீகக் கூட்டத்தோடும்தான் பழகினார் என்று விளக்கினார். இப்போது நாம் பார்க்கும் கல் சுவர் பெரும்பாலும் மிங் ஆட்சியில் கட்டியது, போலோவுக்குப் பிந்தியது.

யூலுக்குக் கிடைக்காத ஒரு சான்று 1941இல் வெளிவந்தது. பாரசீகத்துக்கு மணப்பெண்ணோடு திரும்பிய மூன்று தூதர்களோடு தான் கப்பலேறியதாகப் போலோ சொல்லி, அவர்கள் பெயரையும் கொடுக்கிறார். சீன அறிஞர் யாங் சிஜியு பழைய சீனக் கலைக்களஞ்சியம் ஒன்றில் 1290ஆம் ஆண்டு அரசாணையைக் கண்டுபிடித்தார். அதே மூன்று பெயர்கள் அதில் இருந்தன. போலோ பெயர் அதில் இல்லை, சரி. ஆனால் வீட்டில் உட்கார்ந்து கதை விட்டவருக்கு அந்த மூன்று பெயர் எப்படித் தெரியும்? எனக்கு இதுவே போதும்.

யூலில் எதை நம்பக் கூடாது?

மூலபாடத்தை. இது கடுமையாகத் தோன்றலாம், ஆனால் பல படிகளை ஒட்டிச் சேர்த்த பாடம் அது. செலாதா படி அவருக்குத் தெரியாது. துல்லியமான பாடம் வேண்டும் என்றால் மூல், பெலியோ என்ற இரு அறிஞர்களும் 1938இல் கொண்டுவந்த பதிப்புக்குப் போக வேண்டும். எந்த வரி எந்தப் படியில் இருக்கிறது என்பது அதில் தெரியும்.

சீனப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் பழையது. இன்றைய வரைபடத்தோடு பொருந்தாது, தேடும்போது சிரமப்படுவீர்கள். சாதி, சமயம், ‘நாகரிகம்’ பற்றிய இடங்களில் 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அதிகாரியின் குரல் கேட்கும். அந்த இடங்களில் அவர் கொடுக்கும் தகவலை எடுத்துக்கொண்டு தீர்ப்பை விட்டுவிடுவேன்.

பழைய பிரதி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் இரண்டு தொகுதியும் ஒரே பதிப்பா என்று பாருங்கள். முதல் தொகுதி 1875, இரண்டாம் தொகுதி 1903 என்று ஜோடி சேர்த்து விற்பதுண்டு. இரண்டு தலைப்புப் பக்கத்தின் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். 1920களில் ஜான் மரே மூன்றாம் பதிப்பை மறுஅச்சும் செய்தது. அதனால் தலைப்புப் பக்கத்தின் பின்பக்கப் படமும் வேண்டும்.

அடுத்து மடிப்பு வரைபடங்கள். புத்தகத்தின் முன்னால் படங்களின் பட்டியல் இருக்கும். அதை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிப் பாருங்கள். யாரோ கிழித்துச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். இல்லையென்றால் மடிப்பிலேயே கிழிந்து டேப் ஒட்டியிருக்கும். டேப் ஒட்டிய வரைபடம் காலப்போக்கில் மஞ்சள் பட்டை பட்டையாகக் கறுத்துவிடும். பழுப்புப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை, நம் கடற்கரை ஊர்களில் இருந்த புத்தகம் என்றால் அது சகஜம். பூச்சி ஓட்டை எழுத்தைத் தின்றிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். நூலக முத்திரை உள்ள பிரதி விலை குறையும். படிக்க வாங்குபவருக்கு அது லாபம். ஆனால் நூலகம் கழித்துவிட்டதற்கான முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

1920 தொகுதி சேர்ந்து கிடைப்பது அபூர்வம். தனியாகத்தான் தேட வேண்டியிருக்கும்.

அவ்வளவு செலவு செய்ய முடியாது. வேறு வழி?

1903 பதிப்பு முழுவதும் குட்டன்பர்க் திட்டத்திலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் இலவசமாகக் கிடைக்கிறது. குட்டன்பர்க்கில் சொல் தேடுவது எளிது. ஆர்க்கைவில் பக்கத்தை அசலாகப் பார்க்கலாம். ஆராய்ச்சிக்கு இரண்டும் வேண்டும்.

தாளில் படிக்க விரும்பினால் டோவர் நிறுவனம் 1993இல் போட்ட இரண்டு தொகுதி மறுஅச்சைத் தேடுங்கள். 1920 கூடுதல் குறிப்புகளும் அதில் உள்ளன. இணையத்தில் ‘பிரிண்ட் ஆன் டிமாண்ட்’ என்று வருபவற்றில் எச்சரிக்கை தேவை: வரைபடத்தை விரிக்காமல் மடித்தபடியே ஸ்கேன் செய்திருப்பார்கள்.

மாபார், காயல் அத்தியாயங்களைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாமா? அனுமதி வேண்டுமா?

வேண்டாம். யூல் 1889இலும் கோர்தியே 1925இலும் இறந்தார்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கழிந்தால் உரிமை முடிந்துவிடும். டோவர் மாதிரியான புதுப் பதிப்புகளின் அட்டை, புதிய முன்னுரை போன்றவற்றை மட்டும் எடுக்காதீர்கள்.

செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குறிப்புகளை விட்டுவிட்டு மூலத்தை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். கால்டுவெல் கடிதத்தையும் வஸ்ஸாஃப் மேற்கோளையும் சேர்த்துக் கொடுங்கள். ராமுசியோ அடைப்புக்குறிகளைத் தமிழிலும் அப்படியே வையுங்கள். பாண்டியர் பற்றிய இடங்களில் யூலுக்குக் கிடைக்காத கல்வெட்டுச் செய்திகளை உங்கள் பெயரில் தனிக் குறிப்பாக எழுதுங்கள், கோர்தியே தன் இரண்டு எழுத்தைப் போட்டுக்கொண்ட மாதிரி. பழையகாயலிலும் காயல்பட்டினத்திலும் இருப்பவர்களிடம் முன்கூட்டியே கொடுத்துப் படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. தங்கள் மண்ணைப் பற்றி யூலுக்கு எழுத அவர்களிடமும் நிறைய இருந்திருக்கும்.